செய்தி நேரத்தில் எடுத்த ஓட்டு

இதை எழுதிவிட வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்திருக்கிறேன். எனக்குத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் எழுத வராததால் தயங்கவில்லை. கோயில் அறிவிப்பும் கலியாணப் பத்திரிகையும் நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தவன்தான். பயம்தான் தயக்கத்துக்குக் காரணம். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ஆபீசில் கணக்கெழுதி எங்களை மேய்த்த கிராணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படியும் வீட்டு வாசலில் தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. போன தவக்காலத்தில் பாதரிடம் இதைச் சொன்னேன். "பயப்படுறது பாவம் இல்ல. பயத்தோடவே எழுதுங்க" என்றார். அப்படித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலாய் நாட்டில் லூனாஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. என் மனைவி புல் வெட்டுவது, மருந்தடிப்பது என்று வெளிக்காட்டு வேலைக்குப் போனாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. பட்டணத்தில் வேலை செய்த மைத்துனர் புதுசு வாங்கியபோது பழசை எங்களுக்குத் தந்தார். லயத்தில் மின்சாரம் கிடையாது. லாரி பேட்டரியில் கம்பி மாட்டித்தான் படம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி லூனாஸ் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம் போய் எடுத்து வருவேன். அன்றைக்குத்தான் தமிழ்ப் படம் போடுவார்கள்.

பெட்டியை இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்திருந்தோம். வேறு இடம் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஜெபமாலை முடியாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. படம் பார்க்க வந்த இந்துக் குடும்பங்களும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும். காத்திருந்து காத்திருந்து அந்தப் பிள்ளைகளுக்கு ஜெபமாலை முழுதும் மனப்பாடம். படம் தொடங்க நேரமாகிவிட்டால் அதுகளே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வேகவேகமாகப் பதில் சொல்லி முடித்துவிடும். சிரித்தால் ஜெபம் கெடும் என்று என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மலாய்ச் செய்தி போடுவார்கள். கதாநாயகன் அடிக்கக் கை ஓங்கியிருப்பான், செய்தி வந்துவிடும். நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அந்த இடைவெளியில்தான் எங்கள் ஜனம் பேசும். இனி என்ன ஆகும், அவன் செய்தது சரியா, இவள் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டுமா என்று வாய்ச்சண்டை பறக்கும். நாளாக நாளாக அதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. கூலிமில் படக்கொட்டகைக்குப் போய் முன்னமே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழக் கூடாது. கடைசியில் கை தூக்கச் சொல்லிப் பார்ப்போம்: சரி என்பவர் எத்தனை பேர், தப்பு என்பவர் எத்தனை பேர்.

யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்ட முறை இல்லை. சத்தம் தாங்காமல் வந்தது. ஆனால் அதில் ஒன்றைக் கவனித்தேன். தோட்டத்தில் எந்தப் பேச்சானாலும் வேலை வாங்குகிற மண்டோர் சொன்னால் அது முடிந்த பேச்சு. படக்கதையில் அப்படி இல்லை. முடிவு மண்டோருக்கும் தெரியாது, புல் வெட்டுகிற கிழவிக்கும் தெரியாது. அந்த அரைமணி நேரம் அவர் வார்த்தைக்கும் அவள் வார்த்தைக்கும் ஒரே எடைதான்.

எங்கள் லயத்து மண்டோர் வெளிக்காட்டு வேலைக்கு ஆள் நடத்துபவர். என் மனைவிக்குத் தூரத்து மாமா முறை. கறாரான ஆள், ஆனால் படப் பைத்தியம். முதல் வரிசையில் அவருக்கென்று ஒரு பலகை போட்டிருக்கும்.

அந்த வருடம் என் மனைவி மூன்றாவது பிள்ளையை உண்டாகியிருந்தாள். அவளை மருந்தடிக்கிற கும்பலில் போட்டிருந்தார்கள். புல் சாகிற மருந்து. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை அடிக்க வேண்டும். கையுறை கிடையாது. பம்பு ஒழுகும், முதுகெல்லாம் நனைந்து வருவாள். சோற்றில் கை வைத்தால் மருந்து வாடை வருகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. இன்னொரு நாள் விரல் நகம் கறுத்திருந்ததைக் காட்டினாள். அதே கும்பலில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதற்கு முந்தின வருடம் கரு கலைந்திருந்தது. மருந்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மருந்தால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் இரவெல்லாம் அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அசைகிறதா என்று பார்ப்பேன். மாதாவே, இந்தப் பிள்ளையை எங்களுக்கு முழுசாகக் கொடு என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வராது.

மாற்று வேலை கேட்கலாம். ஆனால் கேட்டவர் கதி எங்களுக்குத் தெரியும். கிராணி பேரை அடித்துவிடுவார். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். மண்டோரிடம் என் மனைவி கேட்டுப் பார்த்தாள். அவர் கிராணியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஆள் பத்தல. முடியாதுன்னா நிக்கச் சொல்லு" என்றாராம் கிராணி. நிற்பது என்றால் நின்றேவிடுவது. அவ்வளவுதான் பதில்.

பலபேராகச் சேர்ந்து கேட்பதைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை. கூட்டம் என்ற வார்த்தையே பயம். பெர்மிட் இல்லாமல் கூடினால் பிடித்துப் போவார்கள், வழக்கு இல்லாமலே உள்ளே வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எது சட்டம், எது வதந்தி என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. படம் பார்க்கக் கூடுவது மட்டும் கூட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை. அன்றைய படத்தில் ஒரு மளிகைக்கடை. முதலாளி புழுத்த மாவைப் புது மூட்டையில் கொட்டி விற்கிறார். கடைச் சிப்பந்தி அதைப் பார்த்துவிடுகிறான். அவனுக்கு வயசான அப்பா, கலியாணமாகாத தங்கை. மறுநாள் பண்டிகை, கடை நிறையக் கூட்டம். அவன் மாவு மூட்டையையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்க்கிறான். அந்த இடத்தில் செய்தி வந்துவிட்டது.

மண்டோர்தான் முதலில் பேசினார். "இவன் என்னா செய்யணும் தெரியுமா? கடையச் சாத்துனதுக்கப்பறம் மொதலாளிகிட்ட தனியா போயி, அய்யா இப்பிடின்னு பக்குவமா சொல்லணும். நாலு பேரு முன்னாடி மானத்த வாங்குனா அவரு சும்மா விடுவாரா?"

மருந்துக் கும்பலில் என் மனைவிக்கு அடுத்த வரிசையில் அடிக்கிற அக்கா ஒருவர் உண்டு. வாய் பெரிய வாய். "ஆமா மாமா, தனியா போவான். கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுவாரு. அப்பறம் பணப்பெட்டியில கைய வச்சான்னு ஊருக்குச் சொல்லுவாரு. இவன் எதுக்குப் போனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதான் வேணுமா?"

"நீ அந்தக் கடையில வேல செஞ்சிருந்தா மாவே வித்திருக்காது. ஒன் வாய்க்குப் பயந்து ஒருத்தனும் உள்ள வரமாட்டான்லா" என்றார் மண்டோர்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே, "சிரிங்க, சிரிங்க. மாவு திங்கிறது அவன் புள்ளையா, ஜனங்க புள்ளையா? திங்கிறவங்க முன்னாடிதான் சொல்லணும்" என்றார்.

என் மனைவி சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்: "அவன் ஒருத்தனா சொன்னா எங்க சொன்னாலும் அடிதான் மாமா. எல்லார் முன்னாடியும் சொன்னா, கேட்டவங்களும் அதுல பங்காளி ஆயிருவாங்க. அதுக்காச்சும் அங்க சொல்லணும்."

கை தூக்கிப் பார்த்தோம். நான் மண்டோர் பக்கம் தூக்கினேன். எனக்கு நிஜமாகவே அதுதான் சரி என்று பட்டது. சத்தம் போடாமல் தப்பிப்பதைத்தான் நான் வாழ்க்கையில் பார்த்திருந்தேன். ஆனால் பெண்கள் எல்லாரும் அக்கா பக்கம். மண்டோர் தோற்றார். "சரி, சரி. ஓட்டுன்னா ஓட்டுதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

செய்தி முடிந்து படம் தொடங்கியது. சிப்பந்தி மூட்டைப் பக்கம் நடக்கிறான். படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துவிட்டது. பேட்டரி செத்துவிட்டது.

"அண்ணே, சார்ஜ் போட்டீங்களா இல்ல சைக்கிள்ல சுத்திக் காட்டிட்டு வந்தீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். நான் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினேன். எழுந்து போகப் பார்த்தவர்களை அந்த அக்காவின் குரல் நிறுத்தியது.

"படத்துல என்னா ஆச்சின்னு தெரியல. இந்தப் பொண்ணுக்கு என்னா ஆவப்போவுதுன்னாச்சும் பேசுவமா?"

அவர் கை என் மனைவியின் வயிற்றைக் காட்டியது.

மண்டோர் மெதுவாகச் சொன்னார்: "அது படத்துக்குப் போட்ட ஓட்டு."

"படத்துக்கு ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமா மாமா? தனியா கேட்டுப் பாத்தாச்சி. கிராணி என்னா சொன்னாருன்னு ஒங்களுக்கே தெரியும். திங்கக்கிழம பெரட்டுல இவ பேரக் கூப்புடறப்போ எல்லாப் பொம்பளைங்களும் சேந்து சொல்லுவோம். மாசமா இருக்கறவளுக்கு மருந்து வேணாம். அவ்ளோதான். வேற ஒண்ணும் கேக்கல."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் ஆபீஸ் வாசலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அந்த நேரத்தில் "அய்யா" என்ற ஒரு சொல்லைத் தவிர நாங்கள் வேறு சொல் பேசியதில்லை.

பெண்கள் கை தூக்கினார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கைகளின் நிழல் சுவரில், சாமி படத்துக்கு மேல் விழுந்தது. ஆண்களிலும் சிலர் தூக்கினார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். என் கை பாதி தூரம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிறு பூசையிலிருந்து திரும்பி வந்தால், கிராணி வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் நிற்கிறது. போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"ஒன் வீட்ல எலெக்சனாமே?"

"படம்தான் அய்யா போட்டோம்."

"படத்துக்கு எதுக்குடா ஓட்டு?"

"மாவுக்கடைச் சிப்பந்தி அய்யா... அவன் தனியா சொல்லணுமா, எல்லார் முன்னாடியும் சொல்லணுமான்னு..." சொல்லச் சொல்ல அது எனக்கே பொய் போலக் கேட்டது.

"கூட்டம் போட்டா என்னா ஆவும் தெரியும்ல? பெட்டிய மூடி வை. போலீஸ் வந்து கேட்டா நான் நடுவுல வரமாட்டேன்."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் லயத்துப் பக்கம் வந்தது. ஓட்டியவரை முன்பின் பார்த்ததில்லை. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் மெதுவாக்கினார், உள்ளே பார்த்தார், போய்விட்டார். கடன் வசூலிக்க வந்தவராக இருக்கலாம், வழி தேடியவராக இருக்கலாம். நான் ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் போர்வையைப் போட்டேன். ஏரியல் கம்பியைக்கூடக் கழற்றினேன்.

"மண்டோர்தான் சொல்லிட்டாரு. நாளைக்கு நீ சத்தம் போடாம மருந்துக்குப் போயிரு. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்பறம்னா எப்பங்க? பொறந்ததுக்கப்பறமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தட்டுகள்தான் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது பாதியில் எந்த மணியில் நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை இருட்டோடு பெரட்டுக்குப் போனோம். ஆபீஸ் விளக்கு மட்டும் எரிந்தது. கிராணி பேர் வாசித்துக்கொண்டே வந்தார். மருந்துக் கும்பல் முறை வந்தது. என் மனைவி பேரைக் கூப்பிட்டார். அவள் "அய்யா" சொல்லவில்லை.

மறுபடி கூப்பிட்டார். "காது கேக்கலியா?"

அந்த அக்கா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவ்வளவு பெரிய வாய்க்காரருக்கு உதடு மட்டும் அசைந்தது. மற்றப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். மாதாவே, முடிந்தது.

அப்போதுதான் மண்டோர் முன்னால் வந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"கிராணி அய்யா, இந்தப் பொண்ண நான் மருந்துக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். மாசமா இருக்கற யாரையும் கூட்டிட்டுப் போவ மாட்டேன்."

"நீ யாருடா முடிவு பண்றதுக்கு?"

"நான் பண்ணல அய்யா. லயத்துல பேசிக் கை தூக்கிப் பாத்தாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு ஆச்சி. நான் வேணாம்னுதான் சொன்னேன். தோத்துட்டேன். ஓட்டுன்னா ஓட்டுதான்னு என் வாயாலயே சொல்லிட்டேன், அய்யா."

எங்கேயோ பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு. ஜீப் வந்து நின்றதையும் தோட்டத்தை நடத்துகிற துரை இறங்கியதையும் நாங்கள் கவனிக்கவில்லை. அவர் மலாயில் என்ன விஷயம் என்று கேட்டார். கிராணி ஏதோ சொன்னார். துரை எங்களைப் பார்த்து, "சியாப்பா லாகி?" என்றார். வேறு யார் என்று கேட்கிறார்.

அந்த அக்கா ஓரடி முன்னால் வந்தார். பிறகு இன்னொரு பெண். பிறகு ஒவ்வொருவராக. நானும் போனேன். வீரத்தால் போகவில்லை. எல்லாரும் போனபிறகு நின்ற இடத்தில் தனியாக நிற்கப் பயந்துதான் போனேன். முழங்கால் ஒன்றோடொன்று இடித்தது.

துரை என் மனைவியின் வயிற்றைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். விடிந்துகொண்டிருந்தது, பால் வெட்டுகிற நேரம் போய்க்கொண்டிருந்தது. கன்று மேட்டுக்கு மாற்றச் சொல்லிக் கிராணியிடம் கையைக் காட்டிவிட்டு, மண்டோரை மட்டும் ஆபீசுக்கு வரச் சொன்னார்.

அன்று முதல் என் மனைவி ரப்பர்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குப் போனாள். அந்த மாதமே மண்டோர் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் உளியைக் கையில் எடுத்துப் பால் வெட்டப் போனார். நான் அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். "எதுக்கு அழுவுற? சனிக்கெழம பேட்டரிய ஒழுங்கா சார்ஜ் போடு" என்றார். கிராணியிடம் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

பயம் அதோடு போய்விடவில்லை. பிள்ளை பிறக்கும்வரை ஒவ்வொரு பெரட்டிலும் என் பேரை அடித்திருப்பார்களோ என்று நினைத்தேன். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். கூலிம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது வாங்கவே பயந்தேன். அழுதது. நன்றாகச் சத்தமாக அழுதது. பெண் பிள்ளை. அதற்குப் பிறகுதான் கையை நீட்டினேன்.

நாங்கள் அங்கே இருந்தவரை மாசமான பெண்ணை மருந்துக்குக் கூப்பிடவில்லை. எழுத்தில் ஒன்றும் தரவில்லை, ஆனால் கூப்பிடவில்லை. கையுறை மட்டும் வரவேயில்லை. பம்பும் கடைசிவரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

தேர்தல் காலத்தில் லாரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து மக்களாட்சி, மக்களாட்சி என்பார்கள். எனக்கு அது ஒன்றும் விளங்கியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, மண்டோரை எதிர்த்துக் கிழவி பேசுவது, கையைத் தூக்கிப் பார்ப்பது, தோற்றபிறகும் கூடவே நிற்பது, இதெல்லாம் எங்களுக்கு அடிதடியும் காதலும் பாட்டுமாக ஓடிய படங்களைப் பார்த்துப் பழகியதுதான். கடைச் சிப்பந்தி யாருக்கும் சொந்தமில்லை, அவனைப் பற்றி என்ன பேசினாலும் யார் வேலையும் போகாது. அப்படி ஆபத்தில்லாத இடத்தில் பேசிப் பழகிய வாய்தான் ஆபத்தான இடத்தில் ஒருமுறை திறந்தது. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி இருக்கிறது. செய்தி நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு யாரும் யாரோடும் பேசுகிறதாகத் தெரியவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். மண்டோரை முதலிலிருந்தே நம் பக்கம் நின்றவராக மாற்றிவிடாதீர்கள்; அவர் எதிர்த்துப் பேசித் தோற்றவர், அதுதான் அவர் பெருமை. துரையைக் கொடியவர் ஆக்க வேண்டாம், நல்லவர் ஆக்கவும் வேண்டாம். எங்களுக்குக் கையுறை கிடைத்ததாகச் சேர்க்காதீர்கள். என் கை பாதியில் நின்றதையும் முழங்கால் இடித்ததையும் விட்டுவிடாதீர்கள். பயம் இல்லாதவர்கள் செய்த காரியம் என்று கேட்டால், பயந்தவர்கள் அது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள்.